கற்க 30 விநாடி, மறக்க 6 விநாடி

கராஜ் கதவுக்குக் கீபேட் (எண்ணை அழுத்திக் கதவைத் திறக்கச் சொல்லும் பொத்தான் பலகை) வாங்கி வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது ட்ரில்லை. சுவரில் இரண்டு துளை, இரண்டு ஸ்க்ரூ, மேலே ஒரு மூடி. பார்த்தால் சுவர்க்கடிகாரம் மாட்டுகிற வேலை மாதிரித்தான் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து அந்த வீட்டு வாசலில் நடப்பதும் தெரிந்த கதைதான். கீபேட் செங்கல் சுவரில் நேராக, அழகாக உட்கார்ந்திருக்கும். எண்ணை அழுத்தினால் பொத்தான்கள் ஒளிரும். கதவு மட்டும் அசையாது. போதாததற்கு, அன்று காலை வரை ஒழுங்காக வேலை செய்த கார் ரிமோட்டும் செத்துப்போயிருக்கும். "சாமான் சரியில்லை" என்று பெட்டியில் திரும்பப் போட்டுக் கடைக்கு எடுத்துப் போவார்கள். அப்படித் திரும்பிப் போகும் கீபேட்களில் பல நல்ல கீபேட்கள்தான். தவறு வரிசையில் இருக்கிறது. ட்ரில் கடைசியில் வர வேண்டிய சாமான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

டொரொன்டோவைச் சுற்றியுள்ள பிராம்டன், மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமானாலும் சரி, நியூஜெர்சி, டாலஸ் புறநகரானாலும் சரி, தனிவீடுகளில் முன்கதவு பேருக்குத்தான். விருந்தாளியும் பீட்சாக்காரரும் வரும் வழி அது. வீட்டுக்காரர்கள் புழங்குவது கராஜ் வழியாக. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வரும் பிள்ளை, ஊரிலிருந்து வந்து தங்கியிருந்து மாலையில் நடக்கப் போகும் அம்மம்மா, பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர் என்று ஆளுக்கொரு ரிமோட் கொடுத்தால் மாதம் ஒன்று தொலையும். நான்கு இலக்கம் தொலையாது. கீபேட் பிரபலமானதற்குக் காரணம் இவ்வளவுதான். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ரப்பர் பொத்தான்கள், சின்னதாக ஒரு ரேடியோ. கதவைத் திறப்பது கீபேட் அல்ல, கராஜ் கூரையில் தொங்கும் மோட்டார்ப் பெட்டி, அதாவது ஓப்பனர். கீபேட் வெறுமனே அதைக் கூப்பிடுகிறது. கூப்பிடுகிறவர் யார் என்று ஓப்பனருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் பேசும் பாஷையும் புரிய வேண்டும். ஆகவே வேலை தொடங்குகிற இடம் வாசல் சுவர் இல்லை, கூரை.

முதலில் ஏணி, அப்புறம் கடை

ஏணியைப் போட்டு ஏறி, ஓப்பனரின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ பாருங்கள். சில மாடல்களில் விளக்கின் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டும் வகை ஓப்பனர் என்றால் ஏணிகூடத் தேவைப்படாது. ஒரு சதுர அல்லது வட்டப் பொத்தான், பக்கத்தில் கடுகளவு எல்இடி. அதுதான் லேர்ன் பட்டன், புதிய ரிமோட்டையும் கீபேடையும் ஓப்பனருக்கு அறிமுகம் செய்யும் பொத்தான். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லைன் இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். பழைய க்ராஃப்ட்ஸ்மேன் ஓப்பனர்கள் பலவும் அங்கே செய்யப்பட்டவைதான். இந்தக் குடும்பத்தில் எந்தக் கீபேட் பொருந்தும் என்பதை முடிவு செய்வது அந்தப் பொத்தானின் நிறம். பச்சை என்றால் 1993 முதல் 90களின் நடுப்பகுதி வரை வந்தது, அது பேசும் ரேடியோ அலைவரிசை 390 மெகாஹெர்ட்ஸ். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் அதற்கடுத்து வந்த, அழுத்தும்போதெல்லாம் குறியீடு மாறுகிற முதல் தலைமுறை, அதுவும் 390. ஊதா என்றால் 2005 வாக்கில் தொடங்கியது, 315 மெகாஹெர்ட்ஸ். மஞ்சள் என்றால் 2011 முதல் வந்தது, 310, 315, 390 மூன்றிலும் பேசும். ஓப்பனர் தூசி படிகிற இடத்தில் இருப்பதால், பத்து வருட அழுக்கின் அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். டார்ச் அடித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைக்கிற சாக்கில் பொத்தானை அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. ஏன் என்பது பின்னால் வருகிறது. பொத்தானையும் மாடல் எண் ஒட்டிய லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். நிறம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால் மாடல் எண்தான் துணை.

இனிக் கடைக்குப் போகலாம். பழைய கீபேட்கள் ஒரு நிறத்துக்குத்தான் விசுவாசமானவை. 976எல்எம் ஆரஞ்சு-சிவப்புக்கு, 377எல்எம் ஊதாவுக்கு, 877எல்எம் மஞ்சளுக்கு. ஒன்றை மற்றதோடு சேர்க்கவே முடியாது. வேறு அலைவரிசையில் கத்தினால் ஓப்பனருக்குக் கேட்காது, வேறு குறியீட்டில் பேசினால் புரியாது. 877மேக்ஸ் என்ற லிஃப்ட்மாஸ்டர் கீபேட் மேலே சொன்ன எல்லா நிறங்களோடும் பேசும். ஆன்லைனில் யாரோ பாதி விலைக்கு விற்கும் பழைய 377எல்எம்மை வாங்கி மஞ்சள் பொத்தானோடு மல்லுக்கட்டுவதை விட, ஏணியில் ஒருமுறை ஏறி இறங்குவது மலிவு. ஜீனி போன்ற மற்ற பிராண்டுகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு அந்தந்த பிராண்டின் கீபேட், இல்லையென்றால் எந்த ஓப்பனர்களுக்குப் பொருந்தும் என்று பெட்டியிலேயே பட்டியல் போட்டிருக்கும் யுனிவர்சல் கீபேட்.

390 இருக்கும்போது 315க்கு ஏன் தாவினார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கிளைக்கதை. அமெரிக்காவில் 380 முதல் 399.9 மெகாஹெர்ட்ஸ் வரை ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. கராஜ் ரிமோட்டுகள் உரிமம் இல்லாமல், இரவல் திண்ணையில் குடியிருந்தவை. வீட்டுக்காரர் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம். 2004, 2005இல் ராணுவத் தளங்கள் அந்த வரிசையில் புதிய ரேடியோக்களை இயக்கத் தொடங்கியதும் ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளம் போன்ற இடங்களைச் சுற்றியிருந்த வீடுகளில் கராஜ் கதவுகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 2006இல் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் அதே கூத்து. ஊதாப் பொத்தான் பிறந்த பின்னணி இது. ராணுவத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, ஆரஞ்சுப் பொத்தான் ஓப்பனரும் வைத்திருந்தால், நாலு அடி தூரத்தில் மட்டும் வேலை செய்யும் கீபேடுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

லேர்ன் பட்டனே இல்லை, வரிசையாகக் குட்டிக் குட்டி சுவிட்சுகள்தான் இருக்கின்றன என்றால் கீபேட் வாங்காதீர்கள். 12 சுவிட்சு என்றால் மொத்தமே 4096 குறியீடுகள். சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015இல், குழந்தைகள் விளையாடும் ஒரு பழைய மெசேஜ் பொம்மையை மாற்றியமைத்து, இப்படி மாறாத குறியீடு கொண்ட கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். கதவின் அடியில் இரண்டு பக்கமும் போட்டோ ஐ (குறுக்கே ஆளோ பொருளோ இருந்தால் கதவை மூடவிடாத மின்கண்) இல்லாத ஓப்பனருக்கும் இதே தீர்ப்புத்தான். 1993 ஜனவரியிலிருந்து அமெரிக்கச் சட்டம் அதையோ அதற்கு ஈடான பாதுகாப்பையோ கட்டாயமாக்கியிருக்கிறது. முப்பது வயது தாண்டிய ஓப்பனருக்குப் புதிய கீபேட் வாங்குவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு வாங்குவது போலத்தான்.

அந்த 30 விநாடி

சுவரைத் தொடாமல், கீபேடைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணைப் பதியுங்கள். பேட்டரியைப் போட்டு, காரை வெளியே எடுத்து விட்டு, கதவுப் பாதையில் ஆளோ சைக்கிளோ இல்லையென்று பார்த்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். ஏறுவதற்கு முன்பே நான்கு இலக்கத்தையும் முடிவு செய்திருக்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் ஏணி உச்சியில் நின்றுகொண்டு "என்ன நம்பர் வைக்கலாம்?" என்று கீழே கூவிக் கேட்டு, கல்யாண நாளா பெரியவனின் பிறந்த நாளா என்று பஞ்சாயத்து முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தோல்வி.

லேர்ன் பட்டனை ஒருமுறை அழுத்தி உடனே விடுங்கள். பக்கத்து எல்இடி விடாமல் எரியத் தொடங்கும். இப்போதிலிருந்து 30 விநாடி ஓப்பனர் காதைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் கீபேடில் நான்கு இலக்கத்தையும் அழுத்தி, என்டரை அழுத்திப் பிடியுங்கள். தட்டிவிட்டு விட்டால் போதாது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓப்பனரின் விளக்கு கண்சிமிட்டியதும் விடுங்கள். பல்பு போடவில்லையென்றால் உள்ளேயிருந்து இரண்டு முறை 'டிக்' கேட்கும். அவ்வளவுதான், பதிந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் கதவு அசையாது. அசையவில்லையே என்று மறுபடி லேர்னை அழுத்தி ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. பதிந்ததா என்று பார்க்க, சில விநாடி பொறுத்து எண்ணையும் என்டரையும் அழுத்துங்கள். அப்போதுதான் கதவு நகரும்.

ஏணி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட்மாஸ்டர் குடும்பத்தின் பல மாடல்களில் இன்னொரு வழி இருக்கிறது. வீட்டுக்குள் போகும் கதவுப் பக்கத்தில் விளக்குப் பொத்தானும் சேர்ந்த பெரிய சுவர்ப் பலகை இருந்தால், கீபேடில் எண்ணை அழுத்தி என்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபடியே பலகையின் லைட் பொத்தானையும் அழுத்திப் பிடியுங்கள். இரண்டையும் விடாமல், மூன்றாவதாகக் கதவைத் திறக்கும் பெரிய பொத்தானை அழுத்துங்கள். விளக்கு கண்சிமிட்டியதும் மூன்றையும் விட்டுவிடலாம். மூன்று பொத்தானுக்கு இரண்டு கை கொஞ்சம் குறைவுதான். கீபேடைப் பிடிக்க ஒருவர், பலகைக்கு ஒருவர் என்றால் எளிது.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் வருகிற பாதிக் குழப்பம் தீரும். இந்தக் குடும்பத்தில் ரகசிய எண் இருப்பது கீபேடில் இல்லை, ஓப்பனரில். கீபேட் நீங்கள் அழுத்திய நான்கு இலக்கத்தைத் தன் அடையாளத்தோடு சேர்த்து அனுப்புகிறது. சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது கூரையில் இருப்பவர். அதனால்தான் தவறான எண்ணை அழுத்தினாலும் கீபேட் ஒன்றும் தெரியாததுபோல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். பேட்டரி செத்துப்போய் ஒரு மாதம் கழித்துப் புதிது போட்டாலும் எண் மறக்காது. ஜீனியின் கீபேட்களில் இது தலைகீழ். முதலில் எண்ணைக் கீபேடுக்குள் பதிய வேண்டும், பிறகு கீபேடை ஓப்பனருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஒரு பிராண்டின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பிராண்டோடு போராடுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

அந்த 6 விநாடி

லேர்ன் பட்டனுக்கு இரண்டு குணம். தட்டினால் கற்கும், பிடித்தால் மறக்கும். சுமார் 6 விநாடி அழுத்திப் பிடித்து எல்இடி அணைந்துவிட்டால், ஓப்பனர் அதுவரை அறிந்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். புதுக் கீபேட், பழைய கீபேட், கணவர் கார் ரிமோட், மனைவி கார் ரிமோட், கார்க் கண்ணாடியிலேயே பதிந்து வைத்த பொத்தான், எல்லாம். ஒன்றை மட்டும் தேர்ந்து அழிக்கிற வசதி பெரும்பாலான வீட்டு ஓப்பனர்களில் கிடையாது. இணையத்தோடு சேர்ந்த மாடல்களில் அழிந்ததும் உடனே இன்னொருமுறை 6 விநாடி பிடித்தால் போன் செயலியின் இணைப்பும் போய்விடும். "அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, நன்றாக அழுத்திப் பிடித்தேன்" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? முதல் தட்டிலேயே காது திறந்திருந்தது. பகலில் கண்கூசும் வெளிச்சத்தில் அந்தக் கடுகு எல்இடி எரிந்தது கண்ணில் படவில்லை, அவ்வளவே. இந்த வேலையை மாலையில் செய்வது நல்லது, இல்லையென்றால் கையால் நிழல் கட்டிப் பாருங்கள்.

இதுவரை 6 விநாடியை ஏதோ பூதம் மாதிரி சொல்லி வந்தேன். உண்மையில், கீபேட் பற்றிய எந்த வழிகாட்டியும் முதல் வரியாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்: பழைய வீடு வாங்கிக் குடிபோகிற அன்று, வேண்டுமென்றே அந்தப் பொத்தானை 6 விநாடி பிடியுங்கள். சாவி கைக்கு வந்ததும் முன்கதவுப் பூட்டை மாற்றுகிறோம். பால் காய்ச்சுகிறோம். வாசலில் இருக்கும் பழைய கீபேடுக்கு, முந்தைய வீட்டுக்காரர் ஏஜென்ட் மூலம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன எண்ணை அப்படியே வைத்துக்கொள்கிறோம். அந்த எண் அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியும், புல்வெட்ட வந்தவருக்குத் தெரியும், பூனைக்குச் சோறு வைத்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர்கள் காரில் இருந்த ரிமோட் இன்னும் காரில்தான் இருக்கிறது. கீபேடைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது மாட்டினாலும் பழையது ஓப்பனரின் நினைவில் இருக்கக்கூடும். புதியதைக் கற்பது பழையதை மறப்பதாகாது. துடைத்துவிட்டுத்தான் புதிதாகக் கற்பிக்க வேண்டும். வரிசை இதுதான்: 6 விநாடி, பிறகு ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு 30 விநாடி, கடைசியில் கீபேடுக்கு ஒரு 30 விநாடி. கார்கள் இரண்டையும் வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்திவிட்டுத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடியும்.

இனி ட்ரில்

பதிந்தாயிற்று, கையில் வைத்து அழுத்தினால் கதவு நகர்கிறது. இப்போது வெளியே போய், கதவை மூடிவிட்டு, மாட்ட நினைக்கும் இடத்தில் கீபேடைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். கதவு மூடியிருக்க வேண்டும் என்பது முக்கியம். திறந்த கதவோடு சோதித்தால் எந்த இடமும் நல்ல இடம்தான். இரும்புத் தகட்டுக் கதவு இறங்கிய பிறகுதான் ரேடியோவின் உண்மையான நிலவரம் தெரியும். பெயின்ட் டேப்பால் ஒட்டி வைத்து ஐந்தாறு முறை அழுத்துங்கள். ஒருமுறை தவறினாலும் அந்த இடம் வேண்டாம், ஒரு அடி தள்ளிப் பாருங்கள். ஓப்பனரிலிருந்து தொங்கும் ஆன்டெனாக் கம்பியையும் ஒருமுறை கவனியுங்கள். அது தாராளமாகக் கீழே தொங்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறதென்று சுருட்டி மேலே செருகி வைத்திருப்பவர்கள் நிறைய.

உயரம் தரையிலிருந்து குறைந்தது 5 அடி. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அழுத்துகிறவருக்குக் கதவு முழுதாகத் தெரிய வேண்டும், கதவின் நகரும் பாகங்களிலிருந்து கை விலகியும் இருக்க வேண்டும். டிரைவ்வே சரிவாக இருந்தால், அழுத்துகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். 4 அடி 10 அங்குல அம்மம்மாவுக்கு 5 அடி எட்டும், ஆனால் எழுத்து தெரியாது என்பதையும் யோசியுங்கள். விளக்கு வெளிச்சம் விழும் பக்கம் நல்லது. கூரை விளிம்பின் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே வேண்டாம்.

கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டம்தான் சிறந்த இடம். பேட்டரி மூடியைக் கழற்றி, மேல் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் துளை போட்டு, ஸ்க்ரூத் தலை 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கிற மாதிரி முடுக்குங்கள். கீபேடின் முதுகில் உள்ள சாவித்துளையை அதில் மாட்டிக் கீழே இழுத்துப் பாருங்கள். ஆடினால் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, ஏறவே மறுத்தால் கால் சுற்று வெளியே. பிறகு பேட்டரி அறைக்குள் உள்ள துளை வழியாகக் குறி வைத்து, கீபேடைக் கழற்றிவிட்டு இரண்டாவது துளை, திரும்ப மாட்டிக் கீழ் ஸ்க்ரூ. இந்தக் கீழ் ஸ்க்ரூவைக் கையால்தான் முடுக்க வேண்டும். ட்ரில்லால் 'கிர்ர்' என்று ஏற்றினால் பிளாஸ்டிக் முதுகு வளையும், சில சமயம் விரியும். வளைந்த முதுகின் மேல் ரப்பர் பொத்தான்கள் சரியாக உட்காராது. 7ஐ அழுத்தினால் பதிய மறுக்கும் கீபேடைத் தொழிற்சாலைக் கோளாறு என்று சொல்வதற்கு முன் அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். செங்கல் சுவர் என்றால் சுவர்த் துளை பிட்டும் பிளாஸ்டிக் பிளக்கும் வேண்டும். முடிந்தவரை செங்கல்லை விட்டுவிட்டுச் சாந்துக் கோட்டில் துளை போடுங்கள். பின்னால் கழற்றினால் அடைப்பது எளிது. கனடாவில் பல வீடுகளில் மரச்சட்டத்தை அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். ஆணியால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு துளையிட்டால் பிட் வழுக்காது, துளைக்கு ஒரு துளி சிலிகான் வைத்தால் உள்ளே இருக்கும் மரம் உளுத்துப் போகாது. வினைல் சைடிங்கில் நேரடியாக மாட்டுவது வீண் வேலை. அது வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும், வளைவு நெளிவு வேறு.

ஓடியது ஏன் நின்றது

முதல் சந்தேகம் பேட்டரி, அதுவும் குளிர்காலத்தில். சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு மைனஸ் 18 டிகிரிதான் எல்லை. டொரொன்டோவிலும் மின்னசோட்டாவிலும் ஜனவரி அதைத் தாண்டிப் போகும். காலையில் செத்திருக்கும் கீபேட் மதியம் வெயில் பட்டதும் உயிர்த்தெழுந்தால் பேட்டரிதான். லிதியம் 9 வோல்ட் போடுங்கள், விலை அதிகம்தான், மைனஸ் 40 வரை தாங்கும். கழற்றும்போது முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிது போடுங்கள்.

இரண்டாவது சந்தேகத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஓப்பனருக்குள் இருக்கும் பல்பு. மலிவான எல்இடி பல்புகளின் உள் சர்க்யூட் ரேடியோ இரைச்சலைக் கக்கும். ஓப்பனரின் காதுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அது கத்திக்கொண்டிருந்தால், வெளியே இருக்கும் கீபேட் கூப்பிடுவது கேட்காது. இதன் அடையாளம் அழகானது: விளக்கு அணைந்திருக்கும்போது கதவு திறக்கும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும் அந்த நாலைந்து நிமிடத்துக்குள் மூடச் சொன்னால் மூடாது. பல்பைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அதுதான் காரணம் என்றால் கராஜ் ஓப்பனருக்கென்றே விற்கும் எல்இடி பல்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டும் கீபேடும் சேர்ந்து செத்து, சுவர்ப் பொத்தான் மட்டும் வேலை செய்தால், சுவர்ப் பலகையில் லாக் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போய், வந்ததும் மறந்துபோகிற விஷயம். கதவு கீபேடுக்குத் திறக்கிறது, மூட மட்டும் மாட்டேன் என்கிறது, விளக்கு பத்து முறை சிமிட்டுகிறது என்றால் கீபேடுக்கு இதில் சம்பந்தமே இல்லை. தரைக்கு மேலே 6 அங்குலத்துக்குள் இருக்கும் போட்டோ ஐ ஒன்றையொன்று பார்க்கவில்லை. துடைப்பக்கட்டை, காய்ந்த இலை, சிலந்திவலை, எதுவும் மறைக்கலாம். மேற்குப் பார்த்த கராஜில் சாயங்கால வெயில் நேராகக் கண்ணுக்குள் விழுந்தாலும் இதே கதைதான். தினமும் ஐந்தரை மணிக்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கும் கதவு அது. வெயில் விழும் பக்கக் கண்ணையும் எதிர்ப்பக்கக் கண்ணையும் இடம் மாற்றி வையுங்கள், இல்லையென்றால் அட்டைக் குழல் ஒன்றைச் செருகி நிழல் கட்டுங்கள்.

எண் யாருக்கெல்லாம் தெரியும்

மூன்று வருடம் மழையும் விரலும் பட்ட கீபேடைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பத்துப் பொத்தானில் நான்கு மட்டும் பளபளக்கும், அச்சு மங்கியிருக்கும். பத்தாயிரம் சாத்தியங்கள் அந்த இடத்தில் 24ஆகச் சுருங்கிவிட்டன. ஒரு இலக்கம் இரண்டு முறை வருகிற எண் என்றால் மூன்று பொத்தான்தான் தேயும், ஆனால் சாத்தியங்கள் 36. வினோதம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான். இரண்டையும் விட நல்ல வழி வருடத்துக்கு ஒருமுறை எண்ணை மாற்றுவது. லிஃப்ட்மாஸ்டர் குடும்பத்தில் அதற்கு ஏணியே வேண்டாம். பழைய எண்ணை அழுத்தி # பொத்தானைப் பிடியுங்கள், விளக்கு இரண்டு முறை சிமிட்டியதும் விட்டுவிட்டுப் புதிய எண்ணையும் என்டரையும் அழுத்துங்கள், ஒருமுறை சிமிட்டினால் முடிந்தது. வீட்டு இலக்கத்தை எண்ணாக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கீபேடுக்கு இரண்டு அடி மேலே, பெரிய பித்தளை எழுத்தில் எழுதியிருக்கிறது.

எனக்கு விளங்காத ஒன்று, தற்காலிக எண் என்ற வசதியை யாரும் தொடாதது. குழாய் வேலைக்காரருக்கும், கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் தங்கும் சொந்தக்காரருக்கும் வீட்டின் நிரந்தர எண்ணையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதற்குப் பதில், உங்கள் எண்ணை அழுத்தி ஸ்டார் பொத்தானைப் பிடியுங்கள். விளக்கு மூன்று முறை சிமிட்டும். வேறு நான்கு இலக்கம் ஒன்றை அழுத்தி என்டரை அழுத்துங்கள், இப்போது நான்கு சிமிட்டல். இனி எத்தனை மணி நேரம் செல்ல வேண்டுமோ அந்த எண்ணை அழுத்தி ஸ்டார், அல்லது எத்தனை தடவை திறக்க வேண்டுமோ அதை அழுத்தி #. இரண்டுக்கும் உச்சவரம்பு 255. ஒருமுறை சிமிட்டினால் பதிந்தது. மூன்று நாள் விருந்தாளிக்கு 72, ஸ்டார். குழாய்காரருக்கு 2, #. அவர் போனதும் எண் தானே செத்துவிடும்.

கீபேட் வந்த வீட்டில் கராஜிலிருந்து சமையலறைக்குப் போகும் உள்கதவைப் பூட்டுகிற வழக்கம் மெல்ல நின்றுபோகிறது. சாவிக்கொத்தும் மேசையிலேயே கிடக்கும். மின்சாரம் போனால் கீபேடின் பேட்டரி கீபேடுக்கு மட்டும்தான், கதவைத் தூக்க அது போதாது. 2013 டிசம்பர் பனிமழையில் டொரொன்டோவின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் போய்க் கதவைத் திறக்க முடியாமல் போனதைப் பார்த்துத்தான், 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டு ஓப்பனர்களுக்கு மின்தடையில் கைகொடுக்கும் பேட்டரி கட்டாயமானது. மற்ற இடங்களில், வேறு வாசல் இல்லாத தனிக் கராஜ் என்றால் கதவின் மேல்பாகத்தில் ஒரு சாவி சிலிண்டர் வைத்து, அதன் கம்பியை உள்ளே தொங்கும் சிவப்புக் கயிற்றின் கொக்கியோடு இணைத்துவிடலாம். சாவியைத் திருப்பிச் சிலிண்டரை வெளியே இழுத்தால் கதவு ஓப்பனரிலிருந்து விடுபட்டுக் கையால் தூக்க வரும். மாட்டிய அன்றே ஒருமுறை இழுத்துச் சோதித்துவிடுங்கள், ஆனால் கதவு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும். பாதி திறந்த கதவில் இழுத்தால், மேலே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் பட்சத்தில் அத்தனை கனமும் ஒரே இறக்கமாகக் கீழே வந்துவிடும்.